நடுங்கும் கையும் தடுமாறும் நடையும்

கல்யாணப் பந்தியில் ரசத்தைக் குடிப்பதற்காகத் தம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது கை உதறிப் பாதி ரசம் வேஷ்டியிலே சிந்திவிட, அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் இன்னும் அதிகமாக உதறுகிற பெரியவர் ஒருவரையாவது நம்மில் அநேகர் நம் சொந்தபந்தங்களுக்குள்ளே கண்டிருப்போம். அவருக்குக் கையெழுத்து கோணிப்போகும்; கையொப்பம் ஒத்துவரவில்லை என்று பாங்கிலே செக்கைத் திருப்பிவிடுவார்கள்; சட்டைப் பொத்தானை மாட்டிக்கொள்ள இன்னொருவர் தயவு வேண்டியிருக்கும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கஷ்டங்களாதலால் வீட்டாரும் வைத்தியரும் அவருடைய கையையே கவனிக்கிறார்கள். அதே பெரியவர் மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டே இறங்குவதையும், பாதங்களை வழக்கத்துக்கு மேல் அகட்டி வைத்து நடப்பதையும், நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வதையும் வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். வைத்திய சாஸ்திரமும் வெகுகாலம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்துவந்தது. கையை நடுங்கவைக்கிற கோளாறு நடையையும் தொடக்கூடும் என்பதைக் கருவிகொண்டு அளந்து நிலைநாட்டியது கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் நடந்த காரியம்.

இந்த நடுக்கத்துக்கு வைத்தியர்கள் இட்டிருக்கிற பெயர் எஸென்ஷியல் ட்ரெமர். 1874-இல் பியெத்ரோ புரேஸி என்ற இத்தாலிய வைத்தியர், வேறு எந்த வியாதியின் அடையாளமும் இல்லாமல் நடுக்கம் ஒன்றை மாத்திரமே உடைய 18 வயது வாலிபன் ஒருவனைப் பற்றி எழுதிவைத்த காலத்திலிருந்து இது ஒரு தனி வியாதியாகக் கருதப்பட்டுவருகிறது. மடிமேல் ஓய்வாகக் கிடக்கும்போது அமைதியாக இருக்கிற கை, எதையாவது எடுக்கவோ, எழுதவோ, நீட்டிப் பிடிக்கவோ முற்பட்ட கணத்திலே விநாடிக்கு 4 முதல் 12 தடவை வரை ஆடத் தொடங்குவதே இதன் பிரதான லட்சணம். சிலருக்குத் தலையும் சிலருக்குக் குரலும் சேர்ந்து நடுங்கும். ஜனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரையும், 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரையும் இது பற்றியிருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. அநேகருக்கு இது பரம்பரையாக வருவது. அப்பாவுக்கும் அத்தைக்கும் இருந்த நடுக்கம் தமக்கும் வந்திருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

நடுக்கம் என்றவுடன் பார்க்கின்சன் வியாதிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க நடிகை காதரீன் ஹெப்பர்னின் பிற்காலப் படங்களிலே அவருடைய தலையும் குரலும் நடுங்குவதைக் கண்ட ரசிகர்கள் பலர் அதைப் பார்க்கின்சன் என்றே எண்ணினார்கள். அவரோ, தம்முடைய பாட்டனாரிடமிருந்து வந்த நடுக்கம் அது என்று சொல்லி அந்த எண்ணத்தை மறுத்தார். இரண்டுக்கும் உள்ள பேதம் கையிலே தெரிவது போலவே நடையிலும் தெரியும். பார்க்கின்சன் கண்டவரின் கை பெரும்பாலும் சும்மா இருக்கும்போது நடுங்கும். அவர் உடம்பைச் சற்று முன்னே குனிந்து, பாதங்களைத் தரையோடு தேய்த்து, சின்னஞ்சிறு அடிகளாக எடுத்துவைத்து, ஒரு கையை வீசாமலே நடப்பார். சில சமயம் வாசற்படியருகே வந்ததும் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுபோவார். எஸென்ஷியல் ட்ரெமர் உள்ளவருடைய நடையில் இவை ஒன்றும் இரா. நேர்த் தரையிலே அவர் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் குறையே தோன்றாது. பாதை குறுகும்போதும், தரை ஈரமாயிருக்கும்போதும், வெளிச்சம் மங்கும்போதுந்தான் அவருடைய தடுமாற்றம் வெளியே வரும்.

இதற்குக் காரணம் தேடிச் சென்றவர்கள் வந்து சேர்ந்த இடம், பின்னந்தலையின் அடியிலே ஒதுங்கியிருக்கிற சிறுமூளை. தேர்த் திருவிழாவிலே தேரை நகர்த்துகிற பலமெல்லாம் வடம் பிடிக்கிற நூற்றுக்கணக்கான கைகளிலிருந்து வந்தாலும், அந்தப் பெரிய உருவம் வீதி முனையில் எந்த வீட்டுத் திண்ணையையும் இடிக்காமல் திரும்பி நிற்பது, சக்கரத்தின் அடியிலே சமயமறிந்து முட்டுக்கட்டை போடுகிற நாலைந்து பேருடைய சாமர்த்தியத்தினால் அல்லவா? பெருமூளையும் தசைகளும் வடம் பிடிப்பவர்கள் என்றால், சிறுமூளையே முட்டுக்கட்டைக்காரர். கை எவ்வளவு தூரம் போகவேண்டும், எங்கே நிற்கவேண்டும், கால் எவ்வளவு உயர்ந்து எங்கே ஊன்றவேண்டும், உடம்பின் பாரம் எப்போது இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறவேண்டும் என்பதையெல்லாம் கணத்துக்குக் கணம் திருத்திக்கொண்டே இருப்பது அதன் வேலை. சிறுமூளையிலிருந்து மூளையின் மத்தியிலுள்ள தாலமஸ் என்கிற கேந்திரத்தின் வழியாகப் பெருமூளைக்கு ஓடும் நரம்புப் பாதையிலே சீரான ஓர் அலை கிளம்பிவிடுவதனால் கை நடுங்குகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட கொள்கை. நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், இந்த நடுக்கம் இருந்து இறந்தவர்களுடைய சிறுமூளையைப் பரிசோதித்து, அங்குள்ள பர்க்கிஞ்ஜி உயிரணுக்களின் நரம்பிழைகளிலே அசாதாரணமான வீக்கங்களைக் கண்டார்கள். இந்த உயிரணுக்கள் உண்மையிலேயே தேய்ந்து அழிகின்றனவா என்பதில் நிபுணர்களிடையே வாதம் ஓயவில்லை. ஆயினும் கோளாறின் இருப்பிடம் சிறுமூளையும் அதன் பாதைகளுமே என்பதில் அவ்வளவு வாதம் இல்லை. அப்படியிருக்க, கைக்கும் காலுக்கும் ஒரே முட்டுக்கட்டைக்காரர் காவல் இருக்கும்போது, அவர் கையின் விஷயத்தில் மாத்திரம் தவறிவிட்டுக் காலின் விஷயத்தில் பிசகாமல் இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இந்தத் தடுமாற்றத்தை வெளிக்கொண்டுவர நரம்பு வைத்தியர்கள் கையாளுகிற பரிசோதனை மிகவும் எளிமையானது. அறையின் தரையில் ஓடுகிற ஓடுகளின் இணைப்புக் கோட்டைக் காட்டி, அதன்மேல் ஒரு பாதத்தின் குதிகால் மற்றொரு பாதத்தின் பெருவிரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்வார்கள். சாதாரண நடையிலே பாதங்களை அகட்டி வைத்துத் தம்மை அறியாமலே சமாளித்துவந்தவருக்கு இங்கே அந்த வசதி பறிபோகிறது. இரண்டு அடி சரியாக வைப்பார். மூன்றாவது அடியில் இடுப்பு ஒருபுறம் சாயும். கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரியும். நான்காவது அடி கோட்டை விட்டு விலகி வெளியே விழும். முழங்கால் தேய்ந்த முதியவர்களிலும், கண்பார்வை குறைந்தவர்களிலும் பலர் இந்தப் பரிசோதனையில் தவறுவார்களாதலால் இது ஒன்றைக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் ஒத்த வயதுடையவர்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, நடுக்கம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறுகிறார்கள் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

ஜெர்மனியின் கீல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் ஒரு திருப்பம் என்று சொல்லலாம். நடுக்கம் முற்றிய 25 நோயாளிகளுடைய நடையைக் கருவிகளால் அளந்து, ஆரோக்கியமானவர்களுடைய நடையோடும், சிறுமூளை வியாதி உள்ளவர்களுடைய நடையோடும் அவர்கள் ஒப்பிட்டார்கள். நோயாளிகள் பாதங்களை அகட்டி வைத்தார்கள். கோட்டின்மேல் நடக்கச் சொன்னபோது அடிகள் பிசகின. இந்தக் குறைகளின் ஜாடை சிறுமூளை வியாதிக்காரர்களுடைய நடையின் ஜாடையாகவே இருந்தது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இலக்கை நெருங்க நெருங்க அதிகமாகிற நடுக்கம், அதாவது சாவியைத் துவாரத்தருகே கொண்டுபோகும்போதும் கரண்டியை வாயருகே கொண்டுபோகும்போதும் வெகுவாக ஆடுகிற நடுக்கம் யாருக்கு இருந்ததோ, அவர்களுக்கே நடையின் தடுமாற்றமும் மிகுந்து காணப்பட்டது. இதுவும் சிறுமூளையின் பக்கமே விரலைக் காட்டுகிறது.

கால் நடுங்குவதனால்தான் நடை தடுமாறுகிறது போலும் என்று இங்கே யாரும் எண்ணிவிடக் கூடாது. இந்த வியாதியில் சிலருக்குக் காலிலும் நடுக்கம் உண்டென்பது மெய்தான். ஆனால் அது பெரும்பாலும் அற்பமானது. நடையைக் கெடுப்பது சமநிலையின் கோளாறே. எழுந்து நின்றவுடன் இரண்டு காலும் விநாடிக்கு 13 முதல் 18 தடவை வரை அதிர்ந்து, நிற்கவே முடியாமல் தவித்து, நடக்க ஆரம்பித்ததும் அல்லது உட்கார்ந்ததும் ஆசுவாசம் அடைகிற நோயாளிகளும் இருக்கிறார்கள். அது வேறொரு வியாதி. கோயில் வரிசையிலே நிற்கமுடியாமல் ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த வியாதி இருக்கக்கூடும் என்று வைத்தியர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நடுக்கம் உள்ள எல்லோருக்கும் நடை கெட்டுவிடும் என்று சொல்வது அநியாயமான பயமுறுத்தல். இளவயதிலே ஆரம்பித்துக் கையளவில் நின்றுபோய், எண்பது வயதிலும் சிரமமின்றி நடமாடுகிறவர்கள் ஏராளம். வயது ஏற ஏற, நடுக்கம் பல ஆண்டுகள் நீடிக்க நீடிக்க, அதுவும் தலையும் குரலும் நடுங்குகிறவர்களிடத்தில், நடையின் தளர்ச்சி அதிகமாகக் காணப்படுகிறது. நடந்துகொண்டே மனத்தினால் மற்றொரு காரியத்தையும் செய்ய நேரும்போது அது இன்னும் வெளிப்படையாகிறது. வழக்கமாகத் தன்னால் நடக்கிற நடையை அவர்கள் கவனத்தைச் செலவிட்டு நடத்தவேண்டியிருப்பதால், கவனம் பிரிந்தவுடன் நடை மந்தமாகிவிடுகிறது. பஸ்ஸிலே கண்டக்டர் விசில் ஊதியபிறகு, ஒரு கையில் பையும் மறு கையில் டிக்கெட்டுக்குச் சில்லறையுமாக இருக்கை தேடுகிற அந்த அரை நிமிஷம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இவர்களிடம் போய், “நீங்கள் விழுந்ததுண்டா?” என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். “விழப்போய்ச் சமாளித்ததுண்டா?” என்று கேட்டால்தான் கதை வெளியே வரும்: குளியலறையில் வாளியைப் பிடித்துக்கொண்டது, நிலைப்படி தடுக்கிக் கதவைப் பற்றியது, படியின் கடைசி அடியைச் சமதரை என்று எண்ணிக் காலை வைத்துவிட்டுத் திடுக்கிட்டது. இப்படிப்பட்ட தப்பிப்புகள் நாளடைவில் மனத்திலே ஒரு பயத்தை ஊன்றிவிடுகின்றன. பயத்தினால் மாலை உலா நின்றுபோகிறது. கையிலே காபி சிந்துமே என்ற வெட்கம் ஏற்கனவே கல்யாணம் கார்த்திகைக்குப் போவதைக் குறைத்திருக்க, இப்போது கோயிலும் கடைத்தெருவும் நின்றுபோகின்றன. நடக்காத கால்களின் தசைகள் மெலிகின்றன. மெலிந்த கால்கள் முன்னிலும் அதிகமாகத் தடுமாறுகின்றன. தடுமாற்றம் பயத்தை வளர்க்கிறது. வியாதி செய்கிற தீங்கைவிட இந்தச் சுழல் செய்கிற தீங்கு சில சமயம் பெரிதாகிவிடுகிறது.

இன்னொரு பக்கம், நடுக்கம் உள்ளவர் தடுமாறினால் எல்லாப் பழியையும் நடுக்கத்தின்மேலேயே போட்டுவிடுவதும் தவறு. நீரிழிவினால் பாதங்களின் உணர்ச்சி மங்கியிருக்கலாம், பி12 வைட்டமின் குறைந்திருக்கலாம், கண்புரை இருக்கலாம், பார்க்கின்சன் மெதுவாகத் தலைகாட்டிக்கொண்டிருக்கலாம். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், ஆஸ்துமாவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற சில மருந்துகளாலும் கை நடுங்கும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சிலருக்கு, எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஒரு மரபுக் குறையினால் நடுக்கமும் தடுமாற்றமும் சேர்ந்து வருவதுண்டு. 2001-இல் அமெரிக்க வைத்தியர்கள் விவரித்த இந்த வியாதியில், தாத்தா தள்ளாடுவார், மகள்வழிப் பேரன் அறிவு வளர்ச்சி குன்றியிருப்பான். குடும்பத்தின் கதையை முழுதும் கேட்கிற வைத்தியருக்கே இந்தச் சம்பந்தம் புலப்படும். நடுக்கம் அற்பமாயிருந்து நடை மாத்திரம் வேகமாகக் கெட்டுவந்தால் வேறு காரணத்தைத் தேடியாகவேண்டும். சர்வதேச பார்க்கின்சன் மற்றும் இயக்கக் கோளாறுகள் சங்கத்தின் நிபுணர் குழு 2018-இல் வெளியிட்ட வரையறையும் இந்த எச்சரிக்கையை உட்கொண்டதே. இரண்டு கைகளிலும் மூன்று ஆண்டுகளாவது நீடித்த, நரம்புக் கோளாறின் வேறு அடையாளம் கலவாத நடுக்கத்தை ஒரு வகையாகவும், கோட்டின்மேல் நடக்கும்போது தடுமாறுவது முதலிய சிறு குறைகள் கூடியிருக்கும் நடுக்கத்தை மற்றொரு வகையாகவும் அக்குழு பிரித்துவைத்தது. அதன் பயனாக, நோயாளியின் நடையைச் சோதிக்காமல் வியாதிக்குப் பெயரிட முடியாது என்ற நிலை ஏற்பட்டிருக்கிறது.

சிகிச்சைக்கு வருவோம், கைக்கும் காலுக்கும் உள்ள சிக்கல் மிகவும் கூர்மையாகத் தெரிவது இங்கேதான். பிராப்ரனலால், பிரிமிடோன் என்ற இரண்டு மருந்துகளும் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்துவருகின்றன. இரண்டும் கையின் நடுக்கத்தைக் குறைக்கக் கூடியவை. ஆனால் பிராப்ரனலால் நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தாழ்த்துவதால், படுக்கையிலிருந்து சட்டென்று எழுகிற முதியவருக்குத் தலைசுற்றல் உண்டாகலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உதவாது. பிரிமிடோனோ, தொடங்கிய முதல் சில நாட்களில் தூக்க மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடியதாதலால், மிகச் சிறிய அளவிலே இரவில் ஆரம்பித்து மெல்ல மெல்ல உயர்த்துவது வழக்கம். இந்த மருந்துகளைத் தாமாகவே கூட்டுவதும் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சிறிது மது அருந்தினால் நடுக்கம் சற்று நேரம் அடங்குவது இந்த வியாதியின் விசித்திரங்களில் ஒன்று. அதே கீல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2005-இல், அளவான மது ஆரோக்கியமானவர்களுடைய நடையைக் கெடுத்தபோதிலும் நடுக்கக்காரர்களுடைய பிசகுகளைக் குறைத்தது என்று காட்டினார்கள். சிறுமூளைதான் மூலம் என்பதற்கு இது ஒரு நல்ல சாட்சியே தவிர, குடிப்பதற்கு அநுமதிச் சீட்டு ஆகாது. மதுவின் வேகம் தணிந்ததும் நடுக்கம் முன்னிலும் பலமாகத் திரும்பும். பழக்கம் முற்றினால் மதுவே சிறுமூளையை அரித்து நடையை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

மருந்துக்கு அடங்காத நடுக்கத்துக்குத் தாலமஸில் செய்கிற சிகிச்சைகள் இருக்கின்றன. பிரான்ஸின் கிரனோபிள் நகரத்தில் 1987-இல் பெனாபிட் என்பவரும் அவருடைய சகாக்களும் தொடங்கிவைத்த வழியிலே, மெல்லிய மின்கம்பியைத் தாலமஸில் பொருத்தி இடைவிடாமல் சிறு மின்துடிப்புகளைச் செலுத்துவது ஒன்று. மண்டையோட்டைத் திறக்காமலே, எண்ணற்ற ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்து அந்த இடத்தைச் சுட்டுவிடுவது மற்றொன்று. இதற்கு அமெரிக்க அரசு 2016-இல் அநுமதி அளித்தது. அந்த ஆண்டில் பிரசுரமான 76 நோயாளிகள் பங்குகொண்ட பரிசோதனையில், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுடைய கை நடுக்கத்தின் அளவு மூன்று மாதத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வெகுநாளாகத் தம்ளரைத் தூக்கமுடியாதிருந்தவருக்கு அது மறுபிறவி போன்றதுதான். ஆனால் அதே பரிசோதனையில் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 36 பேருக்கு நடையில் கோளாறு ஏற்பட்டது. ஓராண்டு கழிந்த பின்னும் 100க்கு 9 பேருக்கு அது நீடித்தது. மின்கம்பிச் சிகிச்சையிலும், மூளையின் இரு பக்கங்களிலும் பொருத்தி விசையை அதிகமாக்கினால் பேச்சும் நடையும் தடுமாறுவதுண்டு. விசையைத் திருத்தி அமைத்து அதைச் சீர்செய்ய வழி இருப்பது அதன் அநுகூலம். சுட்டுவிட்ட இடத்தைத் திரும்பப் பெறமுடியாது. ஏற்கனவே தள்ளாடுகிற ஒருவர் இந்தச் சிகிச்சைகளுக்குச் சம்மதிக்கும்முன், கை பெறப்போகிற லாபத்தையும் கால் கொடுக்க நேரக்கூடிய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவசியம்.

நடையை மாத்திரம் குணப்படுத்துகிற மருந்து இதுவரை இல்லை. ஆகையால் பாரம் முழுவதும் பயிற்சியின்மேலும் வீட்டின் ஏற்பாட்டின்மேலும் விழுகிறது. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பலம் தருகிற பயிற்சிகளையும், சுவரோரமாகப் பக்கத்தில் ஒருவர் துணை நிற்க அடிமேல் அடி வைத்துப் பழகுவதையும் பிஸியோதெரபிஸ்டு ஒருவரிடம் கற்றுக்கொள்வது நல்லது. ஊன்றுகோல் விஷயத்திலே அவருடைய யோசனை விசேஷமாக வேண்டியது. நடுங்குகிற கையில் கொடுத்த இலேசான கோல் தானும் நடுங்கும் என்பதால், எந்தக் கைக்கு எப்படிப்பட்ட கோல் அல்லது நடைவண்டி பொருந்தும் என்பதை நோயாளியை நடக்கவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யமுடியும். வீட்டிலே குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் கைப்பிடிக் கம்பி, இரவில் ஒரு சிறு விளக்கு, மாடிப்படியின் இரு பக்கமும் பிடி, வழுக்குகிற கால்மிதிகளுக்கு விடை, குதிகாலில் வார் இல்லாத ரப்பர்ச் செருப்புக்குப் பதிலாகப் பாதத்தைப் பற்றிக்கொள்கிற செருப்பு ஆகிய இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. சூடான காபியைத் தாமே எடுத்துக்கொண்டு நடப்பது, கையும் காலும் ஒருங்கே கவனத்தைக் கேட்கிற காரியமாதலால், உட்கார்ந்த இடத்துக்கே காபியைக் கொண்டுவந்து கொடுப்பது வீட்டார் செய்யக்கூடிய நல்ல உதவி. நடந்துகொண்டிருப்பவரைப் பின்னாலிருந்து கூப்பிடாமல் இருப்பது அதற்கு அடுத்தது.

வைத்தியரிடம் போகிற நாளில் நோயாளி தம் கையை நீட்டிக் காட்டுவார். வைத்தியர் சுருள் வட்டம் ஒன்று வரையச் சொல்லி அதன் கோணலைப் பார்த்து மருந்தை மாற்றி எழுதுவார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிஷத்தோடு இன்னும் ஒரு நிமிஷத்தைச் சேர்த்து, அறையின் குறுக்கே அவரை ஒரு தடவை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டால், எந்த மருந்து எவ்வளவு கொடுக்கலாம், எந்தச் சிகிச்சைக்கு அவர் தகுதியானவர், எங்கே விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளக் கூடும் என்பவற்றில் பாதிக்குமேல் தெரிந்துவிடும். வைத்தியர் கேட்காவிட்டால் நோயாளியே சொல்லவேண்டும். நோயாளி கூச்சப்பட்டால் கூட வந்த மகனோ மருமகளோ சொல்லவேண்டும். கை சிந்திய ரசத்தைத் துடைத்துவிடலாம். எழுபது வயதில் முறிந்த இடுப்பெலும்பு அப்படித் துடைத்துவிடக் கூடியதல்ல.